மேனுஷாவின் சித்தி

சாயந்தரத் தேயிலைக் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு லயத்து வரிசை வீட்டுக்கு வந்ததும் கலாராணி காலில் ஒட்டிய அட்டையைக்கூடப் பிடுங்குவதில்லை. நேராக மேனுஷாவின் புத்தகப்பையை எடுத்து வாசலில் தலைகீழாகக் கொட்டுகிறாள். கொப்பி, பென்சில், சாப்பாட்டுப் பெட்டி என்று விழுவதைக் கையால் பரப்பி, தங்கள் வீட்டுப் பொருளை ஒரு பக்கம் தள்ளுகிறாள். மிச்சம் எதுவும் இல்லாத நாட்கள் குறைவு.

"யாரோடதுடி இதெல்லாம்?"

எட்டு வயது மேனுஷா தயங்குவதே இல்லை. "கிளிப்பு ரெண்டாம் லயத்து அக்காவோடது. அழிறப்பர் என் பக்கத்துல இருக்கிறவளோடது. தண்ணிப் போத்தல் யாரோடதுன்னு தெரியல சித்தி. பைப்புகிட்ட இருந்துச்சு."

அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கலாராணி கிளம்பிவிடுவாள். மழையோ பனியோ, ஒவ்வொரு வாசலிலும் நின்று, பொருளைப் பிள்ளையின் கையாலேயே நீட்ட வைப்பாள். "நான் எடுத்துட்டேன்" என்று பிள்ளையின் வாயாலேயே சொல்ல வைப்பாள்.

ஒருமுறை லுணுகலை டவுனில் அஸீஸ் நானா கடையிலிருந்து ஒரு ஷாம்பு பாக்கெட் வந்துவிட்டது. மறுநாளே இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல், இறங்கிப்போய்க் கொடுத்தாள். அவர் பெரிய மனதோடு, "பரவால்ல தங்கச்சி, புள்ள வெச்சிக்கட்டும்" என்றார்.

கலாராணிக்கு வந்ததே கோபம். "பரவால்லன்னு சொல்லாதீங்க நானா! நீங்க பரவால்லன்னா நான் எதுக்கு ரெண்டு கட்டை நடந்து வந்தேன்? வாங்கி வைங்க."

அவர் வாங்கி வைத்துக்கொண்டார்.

மேனுஷா அவள் பெற்ற பிள்ளை அல்ல. பெற்றவள் கொழுந்து மலையில் குளவி கொட்டிச் செத்துப்போனாள். அப்போது பிள்ளைக்கு நான்கு வயது. மறுவருஷம் பிள்ளையின் தகப்பன் தயாபரன் கலாராணியைக் கட்டினான். கட்டிய கையோடு கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். மாதம் ஒருமுறை வருகிறான். மற்ற நாட்களில் போனில், "நாலு போடு, சரியாயிரும்" என்கிறான்.

நாலு போட்டும் பார்த்தாயிற்று. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து விறகுக்குக் கொண்டுவந்த மிலாறுக் குச்சி ஒன்றை உருவி, பின்னங்காலில் கோடு விழ அடித்தாள். மேனுஷா அழவில்லை. மறுநாள் பையில் இரண்டு பொருள் கூடுதலாக இருந்தது. லயமோ, "பெத்தவளா இருந்தா இப்புடி அடிப்பாளா?" என்று கேட்டது. அடிப்பதை நிறுத்தினாள். அதே லயம், "பெத்தவளா இருந்தா கண்டிக்காம விடுவாளா?" என்றது.

"அடிச்சாலும் சித்திக்காரி, அடிக்காட்டியும் சித்திக்காரி. இவங்களுக்கு நான் என்னதான் செய்யணும்?" என்று அடுப்பிடம் கத்துவாள். கோயிலில் மந்திரித்த கயிறு கட்டினாள். லீவு போட்டு பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா, நாளாகும், பொறுமையாக இருங்கள், யார் முன்னாலும் அவளைக் கள்ளி என்று மட்டும் சொல்லாதீர்கள் என்றார். கலாராணி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்குப் புரியாதது ஒன்றுதான். எடுத்ததைப் பிள்ளை தின்பதில்லை, விற்பதில்லை, வைத்து விளையாடுவதும் இல்லை. எதற்குத்தான் எடுக்கிறாய் என்றால், "தெரியல சித்தி" என்கிறாள். கலாராணிக்குத் தெரிந்ததும் ஒன்றுதான். இந்தப் பிள்ளை எடுக்கும், ஆனால் பொய் சொல்லாது.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் தரம் நான்கு டீச்சரின் வாட்ச் காணாமல் போனது. டீச்சர் வேறு யாரையும் கேட்கவில்லை. மேனுஷாவின் பையை உதறினார், கவுன் பையில் கையைவிட்டுத் துழாவினார். "எடுக்கல டீச்சர்" என்று பிள்ளை எத்தனை முறை சொல்லியும் பயனில்லை. மறுநாள் காலைக் கூட்டத்தில் அவளை முன்னால் நிறுத்தி, "இவ கள்ளி. இவகூட யாரும் சேராதீங்க. அவங்கவங்க சாமானைப் பத்திரமா வெச்சிக்கங்க" என்று இருநூறு பிள்ளைகளுக்கும் சொன்னார்.

மூன்று நாள் கழித்து மேனுஷா வந்து, "சித்தி, வாட்ச் டீச்சர் வீட்டுலயே இருந்துச்சாம். உங்ககிட்ட சொல்லிரச் சொன்னாங்க" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் கலாராணி, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குப் போய், கங்காணியிடம் இன்றைக்கு வேலைக்குப் பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். பிள்ளைகள் அப்போதுதான் வரிசையில் நின்றிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்து அதிபர் சதீஸ்குமார் தன் அலுவலக அறையைக் கைகாட்டிக்கொண்டே ஓடிவந்தார். "என்னம்மா, கந்தோருக்கு வாங்க, பேசிக்குவோம்."

"கந்தோருல வேணாங்க சார். இருநூறு புள்ளைங்களுக்கு முன்னாடி கள்ளின்னு சொன்னாங்க. அதே இருநூறு புள்ளைங்களுக்கு முன்னாடி, இவ எடுக்கலன்னு சொல்லணும்."

டீச்சருக்கு முகம் சிவந்தது. "எப்பவும் எடுக்குறவதானே! சந்தேகம் வராதா?"

"ஆமாங்க டீச்சர், எடுக்குறவதான். நான் இல்லைங்கல. எடுத்ததையெல்லாம் இவளக் கூட்டிட்டு வந்து, இந்த வாசல்லயே திருப்பிக் குடுத்திருக்கேன். எடுக்காததுக்கு எதைத் திருப்பிக் குடுக்குறது? அதைச் சொல்லுங்க."

டீச்சர் வரிசைகளைப் பார்த்துத் திரும்பி, வாட்ச் கிடைத்துவிட்டது, மேனுஷா எடுக்கவில்லை என்று முணுமுணுத்தார்.

"கடைசி வரிசைக்குக் கேக்கலைங்க டீச்சர்" என்றாள் கலாராணி.

டீச்சர் உரக்கச் சொன்னார். அதிபர் நிம்மதியாக மூச்சு விட்டு, "சரி, அப்ப மேனுஷாவும் இனிமே எதையும் எடுக்க மாட்டேன்னு எல்லாருக்கும் சொல்லட்டும்" என்றார்.

"அது முடியாதுங்க சார். நாளைக்கே எடுத்தாலும் எடுப்பா. நான் கொண்டாந்து குடுக்குறேன். ஆனா இங்க நின்னு பொய் சொல்லச் சொல்லாதீங்க. அது ஒண்ணுதான் இவ இன்னும் பழகல."

கூட்டம் கலைந்தது. திரும்பிப் போக நடந்தவள், தரம் நான்கின் சன்னல் வழியே பார்த்தாள். மேனுஷா போய் உட்கார்ந்ததும், அந்த வாங்குப் பலகையில் இருந்த இரண்டு பிள்ளைகளும் தங்கள் பைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின் வாங்குக்கு மாறினார்கள். டீச்சர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பித் திகதி எழுதத் தொடங்கினார்.

கலாராணி உள்ளே போனாள். படங்கை அவிழ்த்துச் சுருட்டித் தரையில் வைத்தாள். அந்தச் சின்ன வாங்கில், முழங்கால் மேசையில் இடிக்க, மேனுஷாவை ஒட்டி உட்கார்ந்தாள். பிறகு பிள்ளையின் கொப்பியில் புதிய பக்கத்தைத் திறந்து, இருவருக்கும் நடுவில் வைத்தாள்.