கப்பல் நாளுக்கு மூன்று பேர்

எங்கள் ஆண்கள் வார்டில் டியூட்டி அட்டவணையைப் பென்சிலால்தான் எழுதுவோம். காரணம் கப்பல். தெற்குத் தீவுகளிலிருந்து கப்பல் ஹேடோ துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த இரண்டு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு நோயாளிகள் மொத்தமாக வந்து இறங்குவார்கள். அன்று மாலைக்கு இரண்டு நர்சுகள் போதாது, மூன்று பேர் வேண்டும். கடல் சரியில்லை என்றால் கப்பல் தள்ளிப்போகும். நாங்களும் அழித்து எழுதுவோம். இதை எந்த அதிகாரியும் சொல்லித் தரவில்லை. ஓடி ஓடிக் கால் வீங்கிக் கற்றுக்கொண்டது.

மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்த சூப்பிரண்டுக்கு அது பிடிக்கவில்லை. கம்ப்யூட்டரில் மாத அட்டவணை அடித்து, கையெழுத்துப் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மாட்டிவிட்டார். எல்லா நாளும் மாலைக்கு இரண்டு பேர். மாற்றக் கூடாது. கப்பல் விஷயத்தைச் சொல்லப் போனேன்.

"யே ஹாஸ்பிடல் ஹை சிஸ்டர், ஜெட்டி நஹீ."

பக்கத்து மேசைக் கிளார்க் சிரித்தான். இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவளிடம் இது ஆஸ்பத்திரி, படகுத்துறை இல்லை என்று சொல்ல அவருக்கு என்ன திமிர்.

அந்த மாதம் கப்பல் இரண்டு நாள் தாமதம். வந்த அன்று பதினான்கு நோயாளிகள். டியூட்டியில் நானும் ஒரு சின்னப் பெண்ணும்தான். கச்சால் தீவு ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு கப்பலில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறார். மூன்றாவது ஆள் இருந்திருந்தால் வந்தவுடன் சாப்பிட்டாரா என்று கேட்டிருப்பாள். எங்களுக்கு நேரமில்லை. பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவிதான் ஓடி வந்தாள். "சிஸ்டர், அந்த ஐயாவுக்கு வேர்த்துக் கொட்டுது. கூப்பிட்டா முழிக்க மாட்டேங்கறாரு."

குளுக்கோஸ் ஏற்றினோம். பிழைத்தார். கண்ணைத் திறந்து, "ஏன் புள்ள, கப்பல் இன்னும் ஆடுதா?" என்றார்.

மறுவாரம் எங்கள் இருவரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். உட்காரும் முன்பே தீர்மானம் அச்சாகி மேசையில் கிடந்தது. நர்சுகளின் கருத்தைக் கேட்டு இந்த அட்டவணை முடிவு செய்யப்பட்டதாம்.

"எங்களை எப்ப கேட்டீங்க?" என்றேன் கிளார்க்கிடம்.

"அதான் கூப்பிட்டு உக்கார வச்சிருக்கே சிஸ்டர். சைன் போடுங்க, டீ ஆறுது."

"கப்பல் நாளுக்கு மூணு பேர்னு ஒரு வரி சேருங்க. போடறேன்."

அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார் சூப்பிரண்டு. நான் போடவில்லை. காகிதம் என்னைத் தாண்டிச் சின்னப் பெண்ணிடம் போனது. போட்டுவிட்டாள்.

படிக்கட்டில், "எனக்குக் கான்ட்ராக்ட் வேலை, அக்கா. உங்கள மாதிரி பேச முடியுமா?" என்றாள். அவள்மேல் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். பாதி வழியில்தான் உறைத்தது. இத்தனை நர்சுகளில் வேலை நிரந்தரமில்லாத ஒருத்தியைத் தேடிப் பிடித்துக் கூட்டத்தில் உட்கார வைத்தது எதற்கென்று.

அடுத்த கப்பலுக்கும் இரண்டே பேர், நானும் அவளும். பதினோரு நோயாளிகள். ஒவ்வொருவரிடமும் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று முதலில் கேட்டோம். அதில் பழைய நோயாளிகளுக்கு ஊசி ஒரு மணி நேரம் தாமதம். மெமோ வந்தது, எனக்கு மட்டும். ஏன் தாமதம், மூன்று நாளுக்குள் பதில் தர வேண்டும்.

இந்தச் சூப்பிரண்டு வந்த பிறகு என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான்.