இருபத்தொன்றாம் எண் வண்டிக்காரி

எங்கள் அலபாமாவில் அறுபத்தேழு மாவட்டங்கள். வண்டி நம்பரின் முதல் எண்ணைப் பார்த்தாலே எந்த மாவட்டம் என்று தெரிந்துவிடும். ஒன்று ஜெஃபர்சன், அறுபத்தேழு வின்ஸ்டன். நடுவில் உள்ள அத்தனையையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வெர்டெல் அக்கா சொல்லுவாள். செல்மாவில் அவள் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் பதினாறு வருடமாக நான்தான் சமையல்காரன். ஆள் வண்டியை விட்டு இறங்குவதற்குள், "நாப்பத்தெட்டு வருது, மரெங்கோக்காரன். கீரையில பன்னிக்கறியத் தாராளமா போடுடா" என்பாள். வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் சொன்னது தப்பியதில்லை.

மே மாதத்து ஞாயிறு ஒன்றில் ஒருவர் வெறும் காப்பி குடித்துவிட்டுப் போனார். நாற்காலியில் ஒரு சின்ன ஐஸ் பை கிடந்தது. உள்ளே இன்சுலின். மருந்துச் சீட்டில் 'ஏ. பெட்வே' என்று பெயர் மட்டும்.

"அறுபத்தாறு. வில்காக்ஸ்," என்றாள் அக்கா.

"அங்க கல்ல விட்டெறிஞ்சா ஏதாவது ஒரு பெட்வே மேலதான் விழும். எந்தப் பெட்வேயத் தேடுவ?"

"பச்சை பிக்கப், பின்னாடி நாய்க்கூண்டு. மொத்தமே பத்தாயிரம் பேருடா அந்த மாவட்டத்துல!"

வில்காக்ஸில் பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் சிநேகிதிக்குப் போன் போட்டாள். "ஆல்வினா? அவன் பர்மிங்ஹாம் போயி இருபது வருஷம் ஆச்சே!" என்றாள் அவள்.

என் சித்தப்பா மருந்தைத் தள்ளிப்போட்டே போய்ச் சேர்ந்தவர்.

"கோட்ட விட்டுட்டியே அக்கா. நம்பர் ஒரு ஊரு, ஆளு ஒரு ஊரு."

அக்கா ஜன்னல் வழியாகத் தன் வண்டியைப் பார்த்தாள். அதன் எண் இருபத்தொன்று, கொனீக்கா. செல்மாவுக்கு வந்து முப்பது வருடமாகியும் பிறந்த வீட்டு முகவரியைக் கொடுத்தே வண்டிப் பதிவைப் புதுப்பிக்கிறாள். சட்டப்படி தப்பு. நூறு தடவை கேலி செய்திருக்கிறேன்.

"இருபது வருஷமா ஊரு நம்பர விடாதவன் இன்னிக்கு எங்கடா போவான்? அன்னையர் தினம்டா, மடையா!" என்றவள் போனில், "அவன் அம்மா நம்பரச் சொல்லுடி," என்றாள்.

திருமதி பெட்வேயிடம் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்போதே அந்தப் பக்கம் நாய் குரைத்தது. "இதோ வந்துட்டான். டேய் ஆல்வின், மருந்து வர்ற வரைக்கும் அந்த இனிப்புல கைய வைக்காத!" என்று கிழவி போட்ட சத்தம் எனக்கே கேட்டது. பிறகு, "அவன் இங்கதான் வருவான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"நான் இருக்கறது செல்மாம்மா. என் வண்டி இருபத்தொண்ணு."

கிழவி சிரித்துவிட்டாள். "கொனீக்காக்காரியா! உங்கம்மா பேரு என்ன?"

முப்பது வருடத்தில் செல்மாவில் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"ஓரா லீ," என்றாள் அக்கா. "போயிட்டாங்கம்மா."

"அப்ப மருந்த நீயே கொண்டு வா. இன்னிக்கு இங்கதான் சாப்பிடற."

மதியக் கூட்டம் மொத்தத்தையும் என் தலையில் கட்டிவிட்டு, அக்கா இருபத்தொன்றைக் கிளப்பினாள்.