அப்பாவின் சடுகுடு மூச்சு

தங்கவயலில் எங்கள் வாத்தியாருக்கு எதையும் பாடமாக்கிவிட வேண்டும். விளையாட்டைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. மழையில் வெளியெல்லாம் சேறாகிக் கிடந்த ஒரு நாள், வகுப்புக்குள்ளேயே எங்களை வரிசையாக நிறுத்தி, ‘சடுகுடு சடுகுடு’ என்று ஒரே மூச்சில் பாடச் சொன்னார். அவர் கைதட்டி எண்ணி, மூச்சு நின்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதினார். நான் முப்பதுவரை தாக்குப்பிடித்தேன். பாவாடை கட்டியவளுக்கு இத்தனை மூச்சா என்று பையன்கள் முகம் சுருங்கியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மனுஷர் அதோடு விட்டாரா? “நாளைக்கு அவங்கவங்க அப்பா மூச்ச எண்ணிக்கினு வாங்க. யாரு அப்பா ஜெயிக்கிறாருன்னு பாக்கலாம்” என்றார்.

என் அப்பாதான் என்று அங்கேயே சவால் விட்டுவிட்டேன். வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அவர் சடுகுடு பாடிக்கொண்டு இறங்கினால் எதிராளிகள் ஓட இடம் தேடுவார்களாம். அம்மா சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போகும் கதை அது. வகுப்பில் அநேகம் பேரின் அப்பாக்களைப்போல அவரும் இங்கே தங்கச் சுரங்கத்துக்கு வந்து, பூமிக்கடியில் பாறையில் துளை போடும் வேலையில் சேர்ந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து, தலையெல்லாம் கல்தூசியாக வந்தவரை வாசலிலேயே மறித்தேன்.

“இன்னா பாப்பா, மூச்சு வுடறதுக்கெல்லாமா பள்ளிக்கூடம்?” என்று சிரித்துக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டினார். நான் கைதட்டினேன். பதினொன்றில் இருமல் வந்துவிட்டது. “இரு, இன்னொரு தபா” என்றார். அந்தத் தடவை ஒன்பது. அம்மா சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

“வெளாடாதப்பா, நெஜமா பாடுப்பா” என்று அழாக்குறையாகக் கெஞ்சினேன்.

“உன்ன ஜெயிக்க எனக்கு மனசு வருமா?” என்று தலையைத் தடவிக்கொடுத்தார். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மறுநாள் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து சொன்னோம். பத்து, எட்டு, பன்னிரண்டு. சுரங்கத் துரையின் பங்களாத் தோட்டக்காரர் மட்டும் நாற்பது. வாத்தியார் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கரும்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னார்.

அவரவர் அப்பா விட்டுக்கொடுத்த பெருமையை அன்று முழுக்க ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். தோட்டக்காரர் மகனைப் பார்த்துத்தான் எங்களுக்குப் பாவமாக இருந்தது. பெற்ற பிள்ளையையே ஜெயித்துவிட்ட அப்பா அவனுக்கு வாய்த்திருந்தார்.