நனைந்த கொழுந்தும் இரத்த ரிப்போர்ட்டும்

எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. சாதாரண தரப் பரீட்சை வரை படித்தேன், அதற்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பதுதான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுகிற நான் உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்க வேண்டும். ஆனால் இந்த ஒரு விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு வருடங்களுக்கு முன் என் வீட்டுக்காரருக்குப் புற்றுநோய் என்று ஒரு சிறுநீரகத்தை எடுத்தார்கள். அதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை பெல்மதுளையில் பஸ் மாறி கிளினிக்குக்குப் போகிறோம். நோய் திரும்புகிறதா என்று பார்க்க ஸ்கேனோடு இரத்தமும் சோதிப்பார்கள். ஒரு முறை டொக்டர் தாளில் வட்டம் போட்டு விளக்கினார். நோயை எதிர்க்கிற வெள்ளை அணுக்களில் ஒரு வகை, எங்கே கலவரம் என்றாலும் முதலில் ஓடிப்போய் நிற்கும். இன்னொரு வகை எதிரியின் முகத்தை ஞாபகம் வைத்துத் தேடிப் பிடிக்கும். முதலாவது ஏறி மற்றது இறங்கினால் இந்த நோய்க்காரருக்கு வரும் நாட்கள் கஷ்டமாகலாம். அது மட்டுமே தீர்ப்பு ஆகாது, ஆனால் கவனிக்க வேண்டும் என்றார்.

போன மழைக்கு வீட்டுக்காரருக்கு மூச்சு இழுப்பு வந்தது. பக்கத்து அறையில், காம்பராவில், இருக்கும் அண்ணன் பழைய இழுப்புக்காரர். ஒரே வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் உப்பைக் கேட்பது போலத்தான் மாத்திரையையும் கேட்போம். அவர் மிச்சம் வைத்திருந்த சின்ன வெள்ளை மாத்திரைகளைக் கவரோடு கொடுத்தார். இவர் ஐந்து நாள் சாப்பிட்டார், இழுப்பு நின்றது. ஆறாம் நாள் கிளினிக்குக்கு இரத்தம் கொடுத்தார்.

அடுத்த வாரம் ரிப்போர்ட்டில் முதல் வகை ஏறி, மற்றது இறங்கியிருந்தது. டொக்டரின் முகம் மாறியது. பேச்செல்லாம் சிங்களத்தில்தான்.

"காய்ச்சல், புண் ஏதாவது வந்ததா?"

"இல்ல சேர்."

"வேறு மருந்து எடுத்தீங்களா?"

"இல்ல சேர்" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்காரர் என் காலை மிதித்தார். அடுத்தவர் மாத்திரையைச் சாப்பிட்ட ஒருவரை எல்லோர் முன்னாலும் நர்ஸ் மிஸ்ஸி ஏசியதை அவர் முன்பு பார்த்திருந்தார்.

நோய் திரும்பியிருக்கலாம், ஸ்கேனை முன்னுக்கு எடுப்போம், தேவைப்பட்டால் பெரிய மருந்து தொடங்க வேண்டி வரும் என்றார் டொக்டர். வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்:

"பெரிய மக கல்யாணத்த முன்னாடியே வச்சிரலாம் புள்ள. நான் இருக்கையிலேயே."

"மாத்திரைய சொல்லலையே நீங்க."

"இழுப்பு மாத்திரைக்கும் கிட்னிக்கும் என்னா சம்பந்தம்? ஏச்சு வாங்கவா?"

எனக்குக் கொழுந்து நிறுக்கும் தராசடி ஞாபகம் வந்தது. மழை நாளில் எங்கள் கொழுந்தை நிறுத்ததும் கணக்கப்பிள்ளை தண்ணீருக்கென்று சில கிலோ கழித்துத்தான் எழுதுவார். அதற்காக அவரோடு சண்டை போட்டிருக்கிறேன், மனதுக்குள். ஆனால் தராசில் பிழை இல்லை. கொழுந்தோடு வேறு என்ன ஏறியிருக்கிறது என்று கேட்காமல் எழுதினால்தான் பிழை.

நான் எழுந்து மறுபடி உள்ளே போனேன். "வரிசை இருக்குதும்மா, கண்ணு தெரியலையா?" என்று யாரோ சொன்னார்கள். யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "சேர், கொழுந்து நனைஞ்சிருக்கு" என்றேன்.

"என்ன கொழுந்து?"

கிளினிக் கொப்பிக்குள் வைத்திருந்த கவரை மேசையில் வைத்தேன். பக்கத்து அண்ணன் கொடுத்ததை இவர் ஐந்து நாள் சாப்பிட்டார் என்று சொல்லி, தராசடியில் தண்ணீருக்குக் கழிக்கிற கதையையும் சொன்னேன். டொக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது ஸ்டீரொயிட், இதைச் சாப்பிட்டாலும் முதல் வகை ஏறும், மற்றது இறங்கும், இந்த ரிப்போர்ட்டை வைத்து நோயைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்றார். பிறகு வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"ஐயா, பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னி. உங்களுக்கு ஒன்று. அவர் மருந்து அவருக்கு, சரியா?"

"சரி சேர்."

"மழை நாளில் எவ்வளவு கழிப்பாங்க அம்மா?"

"மழையப் பொறுத்து, சேர்."

அவர் சிரித்தார். ஸ்கேனை எடுத்துவிட்டு மூன்று வாரம் கழித்து மறுபடி இரத்தம் பார்ப்போம் என்று எழுதித் தந்தார்.

அந்த மூன்று வாரமும் நான் நன்றாகத்தான் தூங்கினேன். அவர்தான் தூங்கவில்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இரத்தத்தில் இரண்டு வகையும் பழைய அளவுக்கே வந்திருந்தன. "இது காய்ந்த கொழுந்து" என்றார் டொக்டர். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

பஸ்ஸில் வீட்டுக்காரர் கேட்டார்: "அப்ப கல்யாணத்த எப்ப வைக்கிறது?"

"பெரியவளுக்கு மாப்பிள்ள பார்த்த பொறகு."

அடுத்த நாளும் மழை. வீட்டுக்காரர் மாட்டுக்குப் புல் அறுக்கப் போனார். நான் பதினெட்டுக் கிலோ எடுத்தேன். தண்ணீருக்கு இரண்டு கிலோ கழித்தார்கள்.