விடுதிக்குச் சொன்ன நல்ல வார்த்தை

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். வீடு பெண்ணுக்குச் சீதனம். நான் கிரானில் பிறந்து களுதாவளையில் வாழ்க்கைப்பட்டவன். இந்தச் சொல்லை ஆணுக்குப் பாவிக்கக் கூடாது என்றால் வேறு சொல் எனக்குத் தெரியாது. நாங்கள் இருக்கும் வீடு மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், சவூதியில் வெயிலில் காய்ந்து உழைத்துத் தங்கச்சிக்காகக் கட்டியது. அவர் அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் ஒரு சண்டை பிடித்தாவது மனம் ஆறியிருப்பேன்.

அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே அதிகாரம் என் நாக்கு. மத்தியானச் சோற்றில் முதல் கவளத்தை நான் வாயில் வைக்கும்போது மனைவி உப்புப் போத்தலோடு குசினி வாசலில் நிற்பாள். நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ‘ஒள்ளுப்பம் உப்புக் குறையுது.’ ‘புளி முந்திக்கொண்டு நிக்கிது.’ ‘பால் கூடிப்போச்சு.’ (கொஞ்சம் என்பதை நாங்கள் ஒள்ளுப்பம் என்போம்.) குறை இல்லாத நாளில் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழும்புவேன். அதுதான் பாராட்டு என்று நினைத்திருந்தேன். ருசி தெரிந்த மனிசன் என்று ஊரிலும் எனக்கு ஒரு பேர் உண்டு. கலியாண வீட்டில் கறிச்சட்டி இறக்குவதற்கு முதல் என்னைக் கூப்பிட்டு வாயில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். நானும் பெரிய வைத்தியர் நாடி பார்ப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பேன்.

கலியாணமாகி இருபத்தைந்து வருசம் நிறைந்தபோது எனக்கு ஓர் ஆசை வந்தது. ஒரு நாளைக்காவது அவள் அடுப்படிக்குப் போகாமல் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். யாராவது கொண்டுவந்து வைக்க அவள் சாப்பிட வேண்டும். என் வீடு என்று சொல்ல ஒன்று இல்லாததால், நான் காசு கட்டிய இடத்தில் அவள் என் விருந்தாளியாக இருக்க வேண்டும். அதை மச்சானும் கூட இருந்து பார்க்க வேண்டும். இந்தக் கடைசி ஆசைதான் எல்லாவற்றிலும் பெரியது என்று இப்போது விளங்குகிறது.

கொழும்பில் வேலை செய்யும் மகள் லீவில் வந்திருந்தபோது போனில் தேடி ஒரு விடுதியைப் பிடித்தாள். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், நெல் வயல் வட்டைக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருந்தது. ஓலைக்கூரை வீடுகள், மரத்தாலான தோணித்துறை, வெள்ளைத் துணி விரித்த மேசை என்று படங்கள் கண்ணைப் பறித்தன. வாடகையைப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

“அம்மாக்கு வாடகையச் சொல்லாத, மகள்,” என்றேன்.

மனைவிக்கு நான் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று. “நீ ஒண்டும் கட்டாதகா. சாப்பாட்டுச் சாமான் ஒண்டும் வேணாம். போற இடத்தில எல்லாம் தருவானுகள். நீ சும்மா வந்து இரி.”

“ஓம்,” என்றாள். அவள் அவ்வளவு சுருக்கமாக ஓம் என்றால் நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் வாடகை வானில் பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிப் போனோம். நான், மனைவி, மகள், மச்சான், நாலு பேர். மச்சானின் மனைவி பேரப்பிள்ளை பார்க்கத் திருகோணமலைக்குப் போயிருந்தா. வேளாண்மை கதிர் தள்ளியிருந்த நேரம். வழி நெடுக மச்சான், “நல்ல இடமாத்தான் பாத்திரிக்கீங்க,” என்று சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வானை விட்டு இறங்கும்போது அது கொஞ்சம் அளவுக்கு மீறியே நிமிர்ந்திருந்தது.

வாசலில் ஆளில்லை. கொழும்பிலிருந்து வந்த பெரிய கூட்டம் ஒன்று தோணித்துறையில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. விடுதி ஆட்கள் எல்லாரும் அவர்களைச் சுற்றி நின்றார்கள். நாங்கள் பைகளோடு நின்று, பிறகு பைகளின் மேலேயே குந்தினோம். கடைசியில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் தட்டத்தில் நாலு கிளாஸ் இளநீரோடு வந்தார்.

“இளநீர் குடிக்கிறீங்களா சேர்?”

“வேணாம் தம்பி, இப்பதான் குடிச்சுப்போட்டு வாறம்,” என்றேன் நான். மச்சானும், “எனக்கும் வேணாம்,” என்றார். மனைவி தலையை ஆட்டினாள்.

இதை மற்ற ஊர்க்காரருக்கு விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால் முதல் தரம் கேட்கும்போது வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். வயிறு பற்றி எரிந்தாலும் அப்படித்தான். வீட்டுக்காரர், “அதென்ன, ஒள்ளுப்பம் குடிங்க,” என்பார். அதற்கும் மறுக்க வேண்டும். மூன்றாம் தரம் அவர் கிளாசைக் கையில் திணிக்கும்போது, ‘உங்களுக்காகத்தான்’ என்ற முகத்தோடு வாங்க வேண்டும். முதல் கேள்விக்கே கையை நீட்டுகிறவனைக் காணாததைக் கண்டவன் என்பார்கள். நாங்கள் மூன்று பேரும் இரண்டாவது கேள்விக்குக் காத்திருந்தோம்.

அவர் “சரி சேர்” என்று சொல்லித் தட்டத்தோடு திரும்பிப் போய்விட்டார். மகளின் கிளாசும் அதோடு போய்விட்டது.

“அப்பா! அது நாம காசு கட்டினது!” என்றாள் மகள்.

“மறுக்காக் கேப்பான் எண்டு நினைச்சன்,” என்றார் மச்சான். அவர் அந்தத் தட்டம் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு பேருக்கும் சேர்த்து எடுத்த அறை பெரிது. குழாயைத் திறந்தால் இருமியது, தண்ணீர் வரவில்லை. ஏசி நன்றாக வேலை செய்தது, ஆனால் கட்டிலின் தலைமாட்டில் ஒழுகியது. நிலத்தில், முதல் தங்கிவிட்டுப் போன விருந்தாளியின் மண் இருந்தது. மேசையிலிருந்த போனை எடுத்துச் சொன்னேன். “இப்ப வாறம் சேர்” என்றார்கள். கொஞ்ச நேரத்தால் திரும்ப எடுத்தேன். “இப்ப வாறம் சேர்.” நேரில் போய்ச் சொன்னேன். அங்கே நின்றவர் சிரித்த முகத்தோடு அதையே சொன்னார். யாரும் வரவில்லை. நான் வேலை பார்க்கும் அரசாங்க அலுவலகத்தில் சனம் வந்து கேட்டால் நாங்களும் இப்படித்தான் சொல்வோம் என்ற நினைப்பு வந்தது. அது வேண்டாத நேரத்தில் வந்த நினைப்பு.

திரும்பி வந்து பார்த்தால், மனைவி எங்கேயோ ஒரு தும்புத்தடியைத் தேடிப் பிடித்து அறையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். சீலையை இழுத்துச் செருகியிருந்தாள். ஒழுக்குக்குக் கீழே வாளி வைத்தாயிற்று. கட்டிலை மச்சானும் மகளுமாகத் தள்ளிப் போட்டிருந்தார்கள்.

“நீ என்னத்துக்குகா கூட்டுறா? வருவானுகள்,” என்றேன்.

“வரட்டும். வந்தா இரிக்கிறதுக்கு இடம் வேணுமே,” என்றாள்.

மச்சான் வெளியே போய் வாவியைப் பார்த்தபடி நின்றார். நான் வெட்கப்படுவதைக் காணாத மாதிரி நின்றார் என்று நினைக்கிறேன். நான் எவ்வளவோ காசு கட்டிக் கூட்டிக்கொண்டு வந்த இடத்திலும் அவர் தங்கச்சி தும்புத்தடியோடு நிற்கிறாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு வெள்ளைத் துணி விரித்த மேசை உண்மையாகவே இருந்தது. நண்டு முடிந்துவிட்டதாம். கொழும்புக் கூட்டத்தின் மேசையில் ஓடுகள் குவிந்திருந்ததைப் பார்த்தால் அது பொய்யில்லை. ஆறின சோறும், சவர்க்காரம் மாதிரி வழுக்கும் இறாலும் வந்தன. கறியில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. வாவியில் பிடித்த இறாலை வாவிக் கரையில் வைத்து இப்படிக் கெடுக்கத் தனித் திறமை வேண்டும். மச்சான் அதையும் மரியாதையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பரிமாறுகிறவர் வந்து, “சோறு போடவா சேர்?” என்று கேட்டார். மச்சான் வழக்கப்படி, “காணும், காணும்” என்று, போதும் என்பதுபோலச் சோற்றுக் கோப்பைக்கு மேலே கையை விரித்துப் பிடித்தார்.

எங்கள் ஊரில் அந்தக் கைக்கு அர்த்தம், விரல் இடுக்கால் போடு என்பதுதான். பரிமாறுகிறவர் கையைப் பார்த்தார், “தேங்க்யூ சேர்” என்றார், பாதிச் சோற்றோடு கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மச்சானின் கை கொஞ்ச நேரம் வெறும் மேசைக்கு மேலே அப்படியே நின்றது. மகள் சிரிப்பை அடக்க முடியாமல் எழும்பிப் போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது.

அறைக்கு வந்ததும் மனைவி தன் பையின் அடியிலிருந்து, சீலைக்குள் சுற்றியிருந்த ஒரு றாத்தல் பேக்கரிப் பாணையும், வெங்காயம் வதக்கிச் செய்த ஒரு போத்தல் சீனிச்சம்பலையும் எடுத்தாள். என் கட்டளையை மீறிக் கொண்டுவந்தது. கட்டிலில் பேப்பரை விரித்துப் பாணைப் பிய்த்து எல்லாருக்கும் வைத்தாள். அள்ளி அள்ளித் தின்றோம். அவ்வளவு பசி. மச்சான் மறுப்பே சொல்லாமல் இரண்டாம் தரம் கையை நீட்டினார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

“சம்பலுக்குச் சீனி ஒள்ளுப்பம் கூடிப்போச்சு.”

சத்தியமாக நான் யோசித்துச் சொல்லவில்லை. தும்மல் வருவதுபோல வந்தது. மகள் மென்று கொண்டிருந்ததை நிறுத்தினாள். மச்சான் பாணைப் பார்த்தார். மனைவி மட்டும், “ஓம், கை கொஞ்சம் கூடிட்டு,” என்று சொல்லிவிட்டுப் போத்தலை மூடினாள்.

அந்த வெட்கத்தை மறைக்க எனக்கு ஒரு கோபம் தேவைப்பட்டது. விடுதி கைக்கு வாய்த்தது. “விடியட்டும், மனேச்சர நல்லாக் குடுக்கிறன் பாருங்க,” என்று துள்ளினேன். குழாய், ஏசி, நண்டு, மச்சானின் கோப்பை என்று எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து, எதை முதலில் சொல்வது, எந்த இடத்தில் குரலை உயர்த்துவது என்று நடந்து நடந்து சொல்லிப் பார்த்தேன். “நல்லாக் கேளுங்க அப்பா,” என்று மகளும் உசுப்பினாள். மனைவி பாண் துகள்களைப் பேப்பரோடு சுருட்டிக்கொண்டிருந்தாள்.

விடிந்தது. பைகளோடு வாசலுக்குப் போனோம். மனேச்சர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, இரண்டு கையையும் கூப்பி, தலையைச் சாய்த்து நின்றார். “எல்லாம் எப்பிடி சேர்? குறை ஒண்டும் இல்லையே?”

நான் தொண்டையைச் செருமினேன். மகள் என் முழங்கையைத் தொட்டாள்.

“எல்லாம் நல்லா இரிந்திச்சு,” என்றேன். “சாப்பாடும் நல்லா இரிந்திச்சு. மிச்சம் நன்றி.”

அதோடும் நிற்கவில்லை. அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, “கட்டாயம் மறுக்கா வருவம்,” என்றும் சொன்னேன். கை கூப்பி நிற்கிற ஒருவரின் முகத்துக்கு நேரே, உன் சோறு சரியில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாப்பிட்ட இடத்தில் குறை சொல்லக் கூடாது என்றுதான் என்னை வளர்த்தார்கள். இதையெல்லாம் நான் பிறகு வானுக்குள் மகளுக்குச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“மச்சான், நாக்க ஹோட்டலிலயே மறந்து விட்டுட்டு வந்திட்டீங்களோ?” என்றார் மச்சான். பகிடிதான். நானும் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை, கோபமும் படவில்லை. எதையோ மனதுக்குள் கூட்டிக் கழிப்பவள்போல மடியிலிருந்த பையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சீலை மாற்றாமலே குசினிக்குள் போனாள். மத்தியானம் சுடுசோறும், மீன் புளியாணமும், முருங்கையிலைச் சுண்டலும் வந்தன. மச்சானுக்கு வைத்தாள், மகளுக்கு வைத்தாள், எனக்கு வைத்தாள். நான் முதல் கவளத்தை வாயில் வைத்தேன். புளி புளியின் இடத்தில் இருந்தது, உப்பு உப்பின் இடத்தில் இருந்தது. முதல் நாளின் பட்டினிக்குப் பிறகு கண்ணில் தண்ணீர் வராத குறை. சொல்லிவிட வேண்டும் என்று மனம் உந்தியது. இருபத்தைந்து வருசத்தில் சொல்லாததை, மச்சானின் காதிலும் மகளின் காதிலும் விழச் சொன்னேன்.

“நல்லா இரிக்கி.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஹோட்டல்காரனுக்குச் சொன்னீங்களே, அந்த நல்லாவா?”

குத்திக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் “இல்லகா, இது மெய்யாத்தான்” என்றேன். அதையும் விடுதியில் பேசிய அதே வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் சரி என்று தலையை ஆட்டினாள். பிறகு உள்ளே போய் உப்புப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்து, குசினி வாசலில் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.