மூன்று பேரின் தடம்

சகாயராஜுக்குத் திண்டுக்கல்லில் பழனி சாலையோரம் பஞ்சர் கடை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அம்மா இறந்த பிறகு வீட்டில் அவர் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரெட்டியார்சத்திரம் பக்கத்து ஊர்க்காட்டுக்குப் போவார். பின்னால் ஒரு சாக்குப்பை கட்டியிருக்கும். அதில் நான்கு டயர்கள்.

அந்தக் காட்டில் சைக்கிளுக்கென்றே வெட்டிய தடம் ஒன்று உண்டு. உடைமரங்களுக்கும் வேம்புகளுக்கும் நடுவே வளைந்து ஏறி, ஓடைக்கரையில் சரேலென்று இறங்கும். விளையாட்டு ஆசிரியர் சார்லஸும் அவரோடு சைக்கிள் ஓட்டுகிறவர்களும் மண்வெட்டி, கடப்பாரையோடு வந்து இரண்டு கோடையில் வெட்டினார்கள். சகாயராஜும் அவர்களில் ஒருவர். ஊர்ப் பொதுநிலத்தைப் பார்த்துக்கொள்ளும் முத்துச்சாமி அன்றைக்கு ஒரே பேச்சாகச் சொன்னார்:

"வண்டி ஓடுற வரைக்கும் தடம் ஒங்களுது. ஓட்டம் நின்னுச்சுன்னா வேலியப் போட்டு மரக்கன்னு வச்சிருவோம்."

பிறகு சார்லஸ் ஓசூருக்கு வேலை மாறிப் போனார். ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்குப் பிள்ளை பிறந்தது. வாட்ஸப் குழுவில் கொஞ்ச நாள் 'இந்த வாரம் முடியல' என்று வந்தது. அப்புறம் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் வந்தது.

தடம் வெட்டிய அந்தக் கோடைகளில்தான் சகாயராஜை நாலு பேர் "ராஜு, இங்க வா" என்று கூப்பிட்டார்கள். ஒரே சட்டியில் சோறு தின்றார்கள். தடமும் போய்விட்டால் அப்படியொரு காலம் இருந்ததற்கே அடையாளம் இருக்காது.

முத்துச்சாமி வாராவாரம் வந்து மண்ணைப் பார்த்துப் போவது சகாயராஜுக்குத் தெரியும். ஒரே வண்டியின் டயர் அச்சு மட்டும் மண்ணில் பதிந்திருந்தால் வேலி வந்துவிடும். அதனால் ஒரு சுற்று முடிந்ததும் மரத்தடியில் உட்கார்ந்து, இரண்டு டயரையும் கழற்றி, அச்சு வேறாக விழும்படி வேறு பட்டன் உள்ள ஜோடியை மாட்டிக்கொண்டு மறுபடி ஓட்டுவார். அது முடிந்தால் இன்னொரு ஜோடி. திரும்பும்போது உச்சி வெயிலாகிவிடும். மண்ணில் மூன்று பேர் வந்துபோன தடம் இருக்கும்.

ஆவணி கடைசியில் ஒரு ஞாயிறு, ஆடு மேய்க்கும் ஒச்சம்மாள் அவர் டயர் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏப்பா, இப்ப யாரு வாரா? ரெண்டாவது ஆளா, மூணாவது ஆளா?"

சகாயராஜின் கை நின்றது. "எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"அந்த வேப்ப வேருகிட்ட மூணு பேரும் எடது காலத்தான் ஊண்டுறாக. மூணு பேருக்கும் ஒரே செருப்பு. அதுகூடப் போகட்டும். மூணு பேரு வாராக, ஒரு பேச்சுச் சத்தம் கேக்க வேணாமா?"

சகாயராஜ் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. அந்நேரம் முத்துச்சாமியின் மொபெட் வந்து நின்றது. கன்று வைப்பதற்கு இடம் பார்க்க வந்திருந்தார்.

"என்னப்பா, மத்தவுக எல்லாம் எங்க?"

ஒச்சம்மாள் ஆட்டை அதட்டுவதுபோல் திரும்பிக்கொண்டார். மற்றவர்கள் ஓடைக்குள் இறங்கிவிட்டார்கள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சகாயராஜ் கையிலிருந்த டயரைக் கீழே வைத்தார்.

"நான் ஒருத்தன்தாண்ணே. ரெண்டு வருசமா."

முத்துச்சாமி டயர்களைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார்.

"கிறுக்குப்பய மாதிரி இம்புட்டையும் செமந்துக்கிட்டா வந்த? வண்டி ஓடுற வரைக்கும்னுதான சொன்னேன். எத்தன வண்டின்னு கேட்டனா?" ஓடைப் பக்கம் கை காட்டினார். "கீழ்க்காட்டுல கன்னு வைக்கன்னு ஊர்ல முடிவாயிருச்சு, அதுல மாத்தமில்ல. மேல இருக்குறத நீ ஓட்டு. நீயும் நின்னுட்டா அதுவும் போயிரும், பாத்துக்க."

அடுத்த ஞாயிறு சகாயராஜ் சாக்கு இல்லாமல் வந்தார். கீழ்க்காட்டில் வேலிக்கல் நட்டிருந்தார்கள். மிச்சத் தடத்தில் ஒரு சுற்று ஓட்டினார். வேப்ப வேரில் இடது காலை ஊன்றினார். வெயில் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிட்டது. மரத்தடியில் கழற்றி மாட்ட ஒன்றும் இல்லை.

மேட்டிலிருந்து ஒச்சம்மாள் குரல் கொடுத்தார்: "என்னப்பா, மத்த ரெண்டு பேரும் இன்னைக்கு வரலையா?"

"அவுங்க ஊருக்குப் போயிட்டாங்கக்கா."

"அது சரி" என்று ஒச்சம்மாள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார். சகாயராஜ் சைக்கிளைத் திருப்பினார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மிச்சம் இருந்தது.