கார் ஷெட்டில் ஒரு ஏ.சி.

எண்பதுகளில் விழுப்புரத்தில் ஏ.சி. மாட்டும் வேலை பார்த்தேன். திண்டிவனம் பக்கத்து விவசாயி ஒருவர் கூப்பிட்டனுப்பினார். அறுபது வயதிருக்கும். எங்கே உட்கார்ந்தாலும் அந்த இடத்தைத் துண்டால் தட்டிவிட்டுத்தான் உட்காருவார்.

வீட்டுக்குள் வேண்டாம், கார் ஷெட்டில் மாட்டுங்கள் என்றார். காரை விற்றுவிட்டாராம். மேற்குச் சுவர் வெயிலில் காயும், வடக்குச் சுவரில் வைக்கலாம் என்றேன்.

"தலை தெக்கால வரும் தம்பி. அதுக்குத் தோதா வைங்க."

"கட்டில் போடப் போறீங்களாய்யா?"

"பெஞ்சு. போன சித்திரையில எங்க வூட்டுக்காரி செத்துட்டா. ஐஸ் கட்டி வச்சும் தாங்கல. பையன் மஸ்கட்லேர்ந்து வந்துக்கினு இருக்கான், அதுக்குள்ள இங்க எடுத்துட்டோம். என் மூஞ்சியாவது அவன் பாக்கணும். ஷெட்டுன்னா ஜனங்க வந்துபோவவும் வசதி."

மாட்டி முடித்து ஓடவிட்டதும், துண்டால் தரையைத் தட்டிவிட்டு, தெற்கே தலைவைத்து மல்லாந்து படுத்துக்கொண்டார். கண்ணை மூடியபடியே கேட்டார்:

"மூணு நாள் தாங்குமா?"

"கரண்ட் இருந்தாத் தாங்கும்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அதைச் சரிக்கட்டப் போய், "உசுரோட இருக்கும்போதே ஒருதரம் வரச் சொல்லுங்களேன்" என்றேன்.

"கேட்டுப் பாத்தான். அதுக்கெல்லாம் லீவு இல்லியாம். சாவுக்குத்தான் தருவாங்களாம்."

சொல்லிவிட்டு அப்படியே கிடந்தார். ஏ.சி. காற்று அவர் நெஞ்சுவரைதான் எட்டியது. நான் ஏ.சி.யின் தகட்டை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிவிட்டேன்.